கல்வேலி நாட்டில் ஒரு நீண்ட பகல்

"முதல் நாளே எதையும் தேடிப் போய்ப் பார்க்க வேண்டாம், சாமி மாமா. சும்மா வண்டியில் போவோம். வழியில் என்ன வருகிறதோ அதைப் பார்ப்போம்" என்றாள் என் தங்கை மகள்.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதம். முந்தின நாள் மாலைதான் அயர்லாந்தின் மேற்குப் பகுதியிலுள்ள ஷானன் விமான நிலையத்தில் வந்து இறங்கியிருந்தேன். அருகிலுள்ள லிமெரிக் நகரில் அவள் ஐந்தாண்டுகளாகச் செவிலியாகப் பணியாற்றி வருகிறாள். குருத்துவப் பணியில் இத்தனை ஆண்டுகளாகியும் கடல் கடந்து செல்லும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிட்டவில்லை. அவள்தான் பயணச்சீட்டு எடுத்து அனுப்பி, இரண்டு வார விடுப்பு கேட்டு வரும்படி வற்புறுத்தினாள்.

புறப்படும் நாளன்று என் தங்கை, முறுக்கும் சில்லுக் கருப்பட்டியும் நிறைந்த பையோடு வேறொரு சுமையையும் என் தோளில் ஏற்றி அனுப்பினாள். "அண்ணே, அவள் எப்பொழுது ஊருக்குத் திரும்பி வருவாள் என்று மட்டும் கேட்டு வாருங்கள். நான் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறாள். சாமியார் கேட்டால் சொல்லுவாள்." கருப்பட்டிப் பையை அன்றிரவே ஒப்படைத்துவிட்டேன். மற்றச் சுமை என்னிடமே இருந்தது.

காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். அவளுடையது பழைய டொயோட்டா வண்டி. சிறியது, ஆனால் சுத்தமாக வைத்திருந்தாள். அந்நாட்டிலும் நம் நாட்டைப் போலவே இடப்பக்கமாகத்தான் வண்டி ஓட்டுகிறார்கள். ஆகையால் முன்னிருக்கையில் அமர்ந்த எனக்குக் கண் கலங்கவில்லை. லிமெரிக்கிலிருந்து எனிஸ் நகர் வரை நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அகன்ற நெடுஞ்சாலை, உலகெங்கும் நெடுஞ்சாலைகள் ஒன்றுபோலவே இருக்கின்றன. அதைப்பற்றி எழுத ஒன்றுமில்லை.

எனிஸ், கிளேர் மாவட்டத்தின் தலைநகர். குறுகிய தெருக்கள் வந்து கூடும் சதுக்கத்தில், உயர்ந்த தூணொன்றின் மேல் டானியல் ஓ'கானலின் சிலை நிற்கிறது. 1828-இல் கிளேர் மாவட்ட மக்கள் இவரைப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். கத்தோலிக்கர் ஒருவர் தம் விசுவாசத்துக்கு மாறான சத்தியப் பிரமாணம் செய்யாமல் அங்கே அமர முடியாதென்பது அன்றைய சட்டம். தேர்ந்தெடுக்கப்பட்டவரை உள்ளே விடாவிட்டால் நாடே கொந்தளிக்கும் என்று கண்ட ஆங்கில அரசு, மறு ஆண்டில், 1829-இல், அச்சட்டத்தை மாற்றியது. குருமடத்தில் திருச்சபை வரலாறு படித்தபோது தேர்வுக்காக மனப்பாடம் செய்த ஆண்டு அது. அத்தூணடியில் ஓர் இளைஞன் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நாங்களும் சற்று நேரம் நின்றுவிட்டுப் புறப்பட்டோம்.

எனிஸைத் தாண்டிக் கொரோபின் சாலையில் திரும்பியதும் நாட்டுப்புறம் தொடங்கியது. என்ன பச்சை! நம்மூரில் ஐப்பசி மழைக்குப் பின் பத்து நாள் காணும் பச்சை அங்கே ஆண்டு முழுதும் தங்கிவிட்டது போலும். அந்தப் பச்சையைச் சிறு சிறு துண்டுகளாக அறுத்துக்கொண்டு ஓடுகின்றன கல்வேலிகள். வயலுக்கு வயல், மேட்டுக்கு மேடு, கண்ணுக்கெட்டிய தூரம் வரை சாம்பல்நிறக் கற்களை அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். சுண்ணாம்போ சாந்தோ கிடையாது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வானம் தெரிகிறது.

"இப்படி ஓட்டையும் சந்துமாகக் கட்டினால் விழுந்துவிடாதா?" என்று கேட்டேன்.

"ஓட்டை இருப்பதனால்தான் விழுவதில்லை, மாமா. அட்லாண்டிக் காற்று இந்தச் சந்துகள் வழியாகப் போய்விடும். அடைத்துக் கட்டினால் காற்று தள்ளிவிடும்" என்றாள். மாட்டை வயல் மாற்றுவதற்கு வாசல் தேவைப்பட்டால் சில கற்களை இறக்கி வைத்துவிட்டு, மாடு போனதும் மறுபடியும் அடுக்கிவிடுவார்களாம். எங்கள் தேரிக்காட்டுப் பக்கம் பனைமட்டை வேலியைப் பிரித்துக் கட்டுவது போலத்தான். மட்டை கிடைக்கும் ஊரில் மட்டை, கல் கிடக்கும் ஊரில் கல். வயலில் ஏர் ஓட்டுவதற்கே முதலில் கல் பொறுக்கியாக வேண்டும். பொறுக்கிய கல்லை எங்கேயாவது போட்டாக வேண்டும். இந்த வேலிகளில் பாதி, வேலி வேண்டுமென்று கட்டியவையல்ல, கல்லுக்கு இடம் வேண்டுமென்று கட்டியவை என்றே எனக்குத் தோன்றியது.

சாலை வரவரக் குறுகி, நடுவில் புல் முளைத்த ஒற்றைத் தடமாகிவிட்டது. இத்தகைய கிராமச் சாலைகளில் மணிக்கு 80 கிலோமீட்டராக இருந்த வேக எல்லையை 2025 பிப்ரவரியில் 60 ஆகக் குறைத்திருக்கிறார்கள். அந்த வளைவுகளில் அறுபதே அதிகம். எதிரே ஒரு வண்டி வந்தால் யாராவது ஒருவர் பின்வாங்கி, வயல் வாசலில் ஒதுங்கி வழிவிட வேண்டும். வழிவிட்டவருக்கும் வழிபெற்றவருக்கும் இடையே ஓர் அழகிய மரியாதை நடைபெறுகிறது. ஓட்டுகிறவர் கையை எடுப்பதில்லை. திசைமாற்றியைப் பிடித்த கையின் சுட்டுவிரலை மட்டும் ஓர் அங்குலம் உயர்த்துகிறார். அவ்வளவுதான் வணக்கம்! என் தங்கை மகளும் அவ்விதமே விரலை உயர்த்தியதைக் கண்டேன். அவள் அதைக் கற்றுக்கொண்டாளா, தானாகவே படிந்துவிட்டதா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இந்த ஊர் அவள் விரலில் குடியேறிவிட்டது என்று மட்டும் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

வழிகாட்டிப் பலகைகளில் ஊர்ப்பெயர் இரண்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே ஐரிஷ் மொழியில் சாய்ந்த எழுத்துகள், கீழே ஆங்கிலம். 'கில்' என்று தொடங்கும் ஊர்கள் எத்தனை! அது பெரும்பாலும் 'கோவில்' என்று பொருள்படும் 'கில்' என்ற ஐரிஷ் சொல்லாம். ஐரிஷ் மொழியில் வணக்கம் சொல்வதும் தனி அழகு. "கடவுள் உம்மோடு" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் "கடவுளும் மரியாளும் உம்மோடு" என்று திருப்பிச் சொல்கிறார். பெற்றுக்கொண்ட வாழ்த்தோடு ஒன்று கூட்டிக் கொடுப்பது அவர்கள் வழக்கம்.

அப்படிப்பட்ட 'கில்' ஊர்களில் ஒன்றான கில்பெனோராவில் முதல் நிறுத்தம். ஒரே ஒரு கடைத்தெரு. அதன் ஓரத்தில் பாதி இடிந்த பழைய பேராலயம். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த உயர்ந்த கற்சிலுவைகள் அங்கே இருக்கின்றன. மழையும் காற்றும் சிற்பங்களை அரித்துவிடாதிருக்க, கூரையிழந்த பகுதியொன்றுக்குக் கண்ணாடிக் கூரை போட்டுச் சிலுவைகளை அதனுள் நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் வாசகர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. இச்சிற்றூர் பெயரளவில் இன்றும் ஒரு மறைமாவட்டம். 1883-இல் இதனைக் கால்வே மறைமாவட்டத்தோடு இணைத்தார்கள். ஆனால் கில்பெனோரா ஓர் உயர்மறைமாநிலத்தையும் கால்வே வேறோர் உயர்மறைமாநிலத்தையும் சார்ந்தவை. ஆகவே கால்வே ஆயர் இதற்கு ஆயராக அல்லாமல், திருத்தந்தையின் பெயரால் நிர்வகிப்பவராகவே இருக்கிறார். "அப்படியானால் எங்கள் ஆயர் திருத்தந்தையேதான்" என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுவதுண்டு. எங்கள் பங்கில் இரண்டு தெருக்களுக்கிடையே யார் சப்பரத்தை முதலில் தூக்குவது என்று நடக்கும் வழக்கை நினைத்துக்கொண்டேன். எல்லை வழக்குகள் தூய ஆவியார் வந்த நாள் முதல் இருந்து வருகின்றன.

அங்கிருந்து எனிஸ்டைமன் வழியாக லாஹிஞ்ச் கடற்கரைக்குப் போய்ப் பகலுணவு. அகன்ற மணற்பரப்பு, கறுப்பு உடையணிந்த பிள்ளைகள் பலகைகளைச் சுமந்துகொண்டு அலைமேல் ஏறி விளையாடினார்கள். தண்ணீரில் கை வைத்துப் பார்த்தேன். எங்கள் மணப்பாட்டுக் கடலில் பிறந்த மீன் ஒரு நாழிகைகூட அங்கே பிழைக்காது. சிறிது தூரம் வடக்கே போனால் புகழ்பெற்ற மோஹர் செங்குத்துப் பாறைகள். கடலிலிருந்து 214 மீட்டர் உயரம் வரை எழுந்து நிற்பவை. "அது நாளைக்கு" என்றாள். பேருந்து பேருந்தாக மக்கள் போய்க்கொண்டிருந்த திசையைப் பார்த்துவிட்டு, நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம்.

தட்டில் பொரித்த மீன் வந்தது. மீனுக்கு ஒரு பக்கம் நீளவாக்கில் நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. போதாதென்று தனிக் கிண்ணத்தில் வெண்ணெயிட்டு மசித்த உருளைக்கிழங்கு. "சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளச் சோறா?" என்று கேட்டேன். சிரித்தாள். மருத்துவமனையில் முதிய நோயாளிகள் சிலர், தட்டில் கிழங்கு இல்லாவிட்டால் இன்னும் சாப்பாடே வரவில்லை என்று முறையிடுவார்களாம். நாங்கள் இருவரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அந்தச் சிரிப்பை இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு.

வந்த வழியே எனிஸ்டைமன் திரும்பினோம். ஊர் நடுவே ஆறு, படிக்கட்டுப் போன்ற பாறைகளில் நுரைத்து விழுகிறது. கடைகளின் முகப்புகள் ஒவ்வொன்றும் ஒரு வண்ணம். ஊரைக் கடந்து லிஸ்டூன்வார்னா செல்லும் சாலையில் சிறிது தூரம் போனதும், மருத்துவமனை ஒன்றுக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள்.

சாலையோரத்தில் கல்லாலான நினைவுச் சின்னம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மூடிய கதவு. அதன்முன் வெறுங்காலோடு நிற்கும் ஒரு சிறுவன். எதிர்ப்பக்கம் துயரத்தில் உறைந்த ஒரு தாயின் முகம். இறுக மூடிய இரண்டு கைகள். அவற்றின் கீழே ஒரு கடிதத்தின் வாசகம்.

அந்த மருத்துவமனை இருக்குமிடத்தில் முன்பு 'வொர்க் ஹவுஸ்' என்ற ஏழையர் இல்லம் இருந்தது. இல்லம் என்று சொன்னாலும் அதற்குள் போனவர்களைக் கணவன் வேறு, மனைவி வேறு, பிள்ளைகள் வேறு என்று பிரித்து வைத்தார்கள். 1848-ஆம் ஆண்டு பிப்ரவரி 25-ஆம் நாள், குளிரில், அதன் வாசலில் ஒரு சிறுவன் விடப்பட்டிருந்தான். கிழிந்த சட்டையில் ஒரு சீட்டு குத்தப்பட்டிருந்தது. அவன் பெயர் மைக்கேல் ரைஸ், ஊர் லாஹிஞ்ச், வயது நான்கு இருக்கலாம், தகப்பன் போன ஆண்டு இறந்தான், தாய் கடந்த புதன்கிழமை இரவு இறந்தாள், அவளைப் பெட்டியின்றிப் புதைக்கப் போகிறார்கள், சேர்த்துக்கொள்ளாவிட்டால் இவனும் பட்டினியால் மடிவான். அச்சீட்டின் செய்தி இவ்வளவுதான். ஏழையர் இல்லத்தின் நிர்வாகக் குறிப்பேட்டில் அது பதிவாகியிருந்தது. பஞ்சத்தின் நூற்றைம்பதாவது ஆண்டு நினைவாக 1995-இல் இந்தச் சின்னத்தை எழுப்பியிருக்கிறார்கள்.

லாஹிஞ்ச்! சற்றுமுன் நாங்கள் மீனும் கிழங்கும் தின்று சிரித்த ஊர். அங்கிருந்து எனிஸ்டைமன் நான்கு கிலோமீட்டர். வண்டியில் ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. நான்கு வயதுப் பிள்ளையின் கால்களுக்கு? யாரேனும் தூக்கி வந்திருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டேன். அவனுடைய குடும்பப் பெயருக்கு ஆங்கிலத்தில் அரிசி என்று பொருள் வருவதும் மனத்தை விட்டுப் போகவில்லை. மரித்தோருக்கான செபத்தைத் தமிழிலேயே சொன்னேன். தங்கை மகள் பதில் சொன்னாள்.

வண்டிக்குத் திரும்பியதும் நெடுநேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள், சாலைக்கு மேற்புறம் தெரிந்த ஒரு சரிவைக் காட்டி, "அந்தக் கோடுகளைப் பாருங்கள், மாமா" என்றாள். சாய்ந்து விழுந்த வெயிலில் புல்லின்கீழ் வரிவரியாக மேடும் பள்ளமும் தெரிந்தன. சீப்பினால் வாரியது போல, மலையின் பாதி உயரம் வரை ஏறின. அவை உருளைக்கிழங்குப் பாத்திகள். ஆங்கிலத்தில் அவற்றுக்குச் 'சோம்பேறிப் பாத்தி' என்று பெயராம்! மாடும் கலப்பையும் ஏற முடியாத சரிவில் மண்வெட்டியால் கொத்தி, கடற்பாசியை முதுகில் சுமந்து வந்து எருவாகப் போட்டுக் கட்டிய பாத்திகளுக்குச் சோம்பேறி என்று பெயர் வைத்தவன் ஒருநாளும் மண்வெட்டி பிடித்தவனாக இருக்க முடியாது.

நல்ல நிலமெல்லாம் பண்ணையார்களிடம் இருந்தது. அதில் விளைந்த தானியமும் வளர்ந்த மாடும் வாரத்துக்கு, அதாவது குத்தகைக்கு, போயின. குடியானவனுக்கு மிஞ்சிய துண்டு நிலத்தில் குடும்பத்தையே காப்பாற்றக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். உழைப்பாளி ஒருவர் நாளொன்றுக்கு ஐந்து கிலோ வரை தின்றார். அதுவே காலை உணவு, அதுவே இரவு உணவு. 1845-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒருவகை அழுகல் நோய் வந்தது. செடி கறுத்தது, கிழங்கு மண்ணுக்குள்ளேயே கூழாயிற்று. மறு ஆண்டில் விளைச்சல் ஏறக்குறைய முழுவதும் அழிந்தது. ஆனால் அந்த ஆண்டுகளிலும் தானியமும் மாடுகளும் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக்கொண்டே இருந்தன. கால் ஏக்கருக்குமேல் நிலம் வைத்திருப்பவன் அந்நிலத்தை விட்டுக் கொடுத்தாலன்றி நிவாரணம் பெற முடியாதென்று 1847-இல் ஒரு சட்டமும் வந்தது. கஞ்சிக்காக நிலத்தைக் கொடுத்தவன் எங்கே திரும்புவான்?

ஏறத்தாழ 10 லட்சம் பேர் மடிந்தார்கள். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினார்கள். கிளேர் மாவட்டத்தில் மட்டும் 1841-இல் 2,86,000-க்கு மேல் மக்கள். 1851-இல் சுமார் 2,12,000. அதோடு நின்றதா? பஞ்சம் நின்ற பிறகும் கப்பல் நிற்கவில்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதே மாவட்டத்தில் சுமார் 1,28,000 பேர்தான். அயர்லாந்துத் தீவு முழுவதையும், வடக்கும் தெற்கும் சேர்த்துப் பார்த்தாலும், 1841-இல் 81 லட்சத்துக்கு மேலிருந்த மக்கள் தொகை இன்று 70 லட்சம் அளவில்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளில் உலகில் எந்த நாடு மக்கள் தொகையில் சிறுத்திருக்கிறது?

காலையிலிருந்து நான் வியந்து வந்த அமைதிக்கு அப்பொழுதுதான் பொருள் விளங்கியது. வயல்களின் நடுவே கூரையின்றி நின்ற ஒற்றைச் சுவர்களை ஓவியம் போல அழகாயிருக்கின்றன என்று மூன்று முறை படமெடுத்திருந்தேன். வாடகை கொடுக்க முடியாமல் வெளியேற்றப்பட்டவர்கள் மறுபடியும் வந்து குடியேறிவிடக் கூடாதென்று கூரையைப் பிரித்துப் போடுவது அக்காலத்து வழக்கம். இவ்வளவு பரந்த வெளியில் இவ்வளவு சில வீடுகள், எதிரே எப்போதாவது ஒரு வண்டி, விரலை உயர்த்தும் ஒரு முகம். ஊர்கள் இருந்த இடம் அது.

நாமும் அறியாத கதையன்று இது. எங்கள் பாட்டியார் 'தாது வருசப் பஞ்சம்' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற பஞ்சம் அது. அயர்லாந்தில் பஞ்ச நிவாரணமென்று பசித்தவர்களைக் கொண்டு சாலை போட்டார்கள்; கல் உடைத்துக்கொண்டிருக்கும்போதே மாண்டவர்கள் உண்டு. சென்னையில் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே பக்கிங்காம் கால்வாய் வெட்டப்பட்டதும் அவ்வாறே, 1877-78-இல், பஞ்ச வேலையாகத்தான். எங்கள் பாட்டியாரின் சிற்றப்பா ஒருவர் அந்த ஆண்டுகளில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவர். அவரிடமிருந்து கடிதமே வரவில்லை. 1847-இல் அயர்லாந்தின் பசியைக் கேள்வியுற்றுக் கல்கத்தாவில் நிதி திரட்டி அனுப்பினார்கள் என்பதையும் அன்று நினைத்துக்கொண்டேன். சற்றே நெஞ்சு நிமிர்ந்தது.

லிஸ்டூன்வார்னா வந்தது. சிறிய ஊர். ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் இங்கே மணப்பொருத்தத் திருவிழா நடக்கிறதாம். அறுவடை முடிந்த குடியானவர்கள் பெண் தேடி வருவார்கள். தரகர் ஒருவர் பேரேட்டை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்ப்பார். இப்பொழுது உலகெங்குமிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். "அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள், மாமா. அடுத்த விமானத்திலேயே புறப்பட்டு வந்து, பெயர் கொடுத்துவிட்டுப் போவாள்" என்றாள். மனம் இலேசாயிற்று. ஒரு கடையில் தேநீர் குடித்தோம். தேநீர் விஷயத்தில் அந்நாட்டார் நம்மவர். பாலும் விடுவார்கள், திடமாகவும் போடுவார்கள்.

பிறகு பர்ரன் என்னும் கல்நாடு. புல் மெல்ல மெல்ல விலகி, சாம்பல்நிறச் சுண்ணாம்புப் பாறை தரையாகவே விரிகிறது. குன்றுகள் படிப்படியாக, யாரோ அடுக்கி வைத்த அப்பங்களைப் போல. முப்பது கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான கடலின் அடித்தளமாக இருந்ததாம் இப்பாறை. வெடிப்புகளுக்குள் குனிந்து பார்த்தால் பூக்கள்! பனிமலைகளில் பூப்பவையும் மத்தியதரைக் கடலோரத்தில் பூப்பவையும் இங்கே அருகருகே வாழ்கின்றன. இன்னொரு விந்தை. மற்ற நாடுகளில் கோடையில் மாடுகளை மலையேற்றுவார்கள். இங்கே குளிர்காலத்தில் ஏற்றுகிறார்கள். கோடை வெயிலைப் பாறை உள்வாங்கி வைத்துக்கொண்டு குளிரில் மெல்ல மெல்லத் திருப்பிக் கொடுக்கிறது. மேட்டில் தண்ணீரும் தேங்குவதில்லை. ஆகையால் தாழ்நிலம் சேறாகும் மாதங்களில் மாடுகளுக்கு மலையே கதகதப்பான தொழுவம்.

சாலை ஒரு விளிம்புக்கு வந்து, பிறகு வளைந்து வளைந்து கீழே இறங்குகிறது. கார்க்ஸ்க்ரூ ஹில் என்று பெயர். தக்கை திருகிபோல் வளைவதனால் அப்பெயர். இதுவும் 1840-களில் பஞ்ச நிவாரண வேலையாகப் போடப்பட்ட சாலை. உச்சியில் வண்டியை ஓரங்கட்டினாள். கீழே பள்ளத்தாக்கு, அதற்கப்பால் கால்வே வளைகுடா, நீர்மேல் வெயில். மாலை ஏழு மணி இருக்கும். நம்மூரின் நான்கு மணி வெயில் அடித்தது.

"மருத்துவமனையில் ஒரு பாட்டி இருந்தார், மாமா" என்று தானாகவே தொடங்கினாள். "அமெரிக்காவுக்குப் போகிறவர்களுக்கு முந்தின இரவு வீட்டில் விழித்திருந்து விருந்து வைப்பார்களாம். ஆட்டமும் பாட்டும் ஒருபுறம், ஒப்பாரி ஒருபுறம். சாவு வீட்டுக்கு இவர்கள் என்ன பெயர் சொல்வார்களோ அதே பெயர்தான் அதற்கும். போகிறவன் உயிரோடுதான் இருப்பான். ஆனால் திரும்ப மாட்டான் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பாட்டி சொன்னபோது எனக்குத் திருவனந்தபுரம் விமான நிலையம்தான் ஞாபகம் வந்தது. அம்மா அன்று அழுத அழுகை அதுதான்."

நான் வாய் திறப்பதற்குள், "அம்மா உங்களிடம் என்ன கேட்கச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும்" என்றாள்.

மறைக்க முடியவில்லை. "ஆம்" என்றேன்.

"அடுத்த வருடம் என்று ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். பொய் சொல்லவில்லை, மாமா. சொல்லும்போது அப்படித்தான் நினைக்கிறேன். தம்பி படிப்பு முடியட்டும் என்றேன், முடிந்தது. வீட்டுக் கடன் அடையட்டும் என்றேன். அதுவும் அடையப் போகிறது. இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். பாதி நிரப்பி மேசைக்குள் வைத்திருக்கிறேன். அது கிடைத்தால் நம் நாட்டுப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பேனாவை எடுத்தால் கை ஓடவில்லை. கிழித்துப் போடவும் கை வரவில்லை."

முப்பது ஆண்டுக் குருவாழ்வில் ஆலோசனை கேட்டு வந்தோரை நான் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. அன்று எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. போகாதே என்று சொல்ல எனக்கென்ன உரிமை? 1841-இல் இந்நாட்டிலிருந்து பிரசன்டேஷன் கன்னியர் சென்னைக்குக் கப்பலேறினார்கள்; அவர்களுடைய தாய்மார்களும் கரையில் நின்றிருப்பார்கள். அவர்கள் வந்ததனால் எத்தனை பெண்பிள்ளைகள் நம்மிடையே எழுத்தறிந்தார்கள்! அவர்கள் மறைபரப்பப் போனவர்கள், இவள் பிழைக்கப் போனவள் என்று பிரித்துப் பேசுவது எளிது. நள்ளிரவில் ஒரு முதியவரின் கையைப் பிடித்துக்கொண்டு இவள் நிற்கும்போது அந்தப் பிரிவினை எங்கே நிற்கும்? ஆனால் என் தங்கையும் தனியாகத்தான் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் இரவில் இந்நாட்டார் சன்னலில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வைப்பார்கள்; இடம் தேடியலைந்த மரியாளுக்கும் சூசையப்பருக்கும் வழிகாட்டவும், ஊரை விட்டுப் போன பிள்ளைகளின் நினைவாகவும். தங்கை திரியேற்றுவதில்லை, கைபேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுக்கிறாள்.

"நிரப்பிய பாதியில் என்ன எழுதியிருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"பெயர், பிறந்த ஊர், தாய் பெயர்" என்றாள்.

அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றிப் பேசவில்லை. வளைவுகளில் மெதுவாக இறங்கினோம். கீழே பாலிவான் என்னும் கடலோரச் சிற்றூர். அங்கே ஒரு வீட்டில் இரவு தங்க ஏற்பாடு செய்திருந்தாள். வீட்டுக்கார அம்மையார் கம்பளிப் போர்வை கொடுத்தார். கோதுமை ரொட்டியும் வெண்ணெயும் கொடுத்தார். நான் குரு என்று அறிந்ததும் இன்னொரு போர்வையும் கொண்டுவந்து கொடுத்தார். அன்று நாங்கள் கடந்தது நூறு கிலோமீட்டருக்குச் சற்றே அதிகம். நம்மூரில் அது திருச்செந்தூர் போய்த் திரும்பும் தூரம்கூட ஆகாது.

உணவுக்குப் பின் படகுத் துறை வரை நடந்தோம். மணி பத்தாகப் போகிறது. சூரியன் அப்பொழுதுதான் மலைக்குப் பின்னால் இறங்கினான். கைபேசியைத் திறந்தேன். தங்கையிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்தது, நம்மூர் நேரம் இரவு பதினொன்றுக்கு அனுப்பியது. "கேட்டீங்களா அண்ணே?"

"இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நன்றாக வண்டி ஓட்டுகிறாள்" என்று எழுதி, அன்று எடுத்த படமொன்றையும் சேர்த்து அனுப்பினேன். மலையுச்சியில், கல்வேலியில் சாய்ந்துகொண்டு, காற்றில் பறக்கும் முடியை ஒரு கையால் பிடித்தபடி அவள் நிற்கும் படம்.

ஊரில் அப்பொழுது இரவு இரண்டரை மணி. செய்தி போய்ச் சேர்ந்த அடையாளம் வந்தது. அடுத்த நிமிடமே அதைத் திறந்து பார்த்த அடையாளமும் வந்தது.